சொல்லடைவும் பெர்ல் மொழியும்: கழக்கூட்டத்திலிருந்து சில குறிப்புகள்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துப் போக வருகிற இளைஞர்கள் சிலர் என்னிடம் நின்று பேசுவதுண்டு. பெரும்பாலும் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர்கள். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சாலைக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்கிற ஒருவனுக்குக் கணினி மொழி ஒன்று தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. "நெசமாவா அண்ணாச்சி? பெர்ல் தெரியுமாமே!" என்று ஒருவர் கேட்டார். தெரியும் என்று சொன்னால் பொய். தெரியாது என்று சொன்னாலும் பொய். ஒரு சொல்லடைவு செய்யப் போய், தொடக்கநிலையாளன் செய்யக்கூடிய பிழைகளையெல்லாம் செய்து, ஒவ்வொரு பிழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது என் பெர்ல். அந்தப் பிழைகளை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவற்றின் பின்னால் தமிழில் முந்நூறு நானூறு வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் நாம் குடியிருக்கும் இந்தக் கழக்கூட்டம், காரியவட்டம் பக்கத்திலேயே நடந்தது. அது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கழக்கூட்டம் என்றால் பழைய திருவிதாங்கூர் வரலாறு படித்தவர்களுக்கு எட்டுவீட்டில் பிள்ளைமார் நினைவுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மார்த்தாண்டவர்மா மகாராஜா (ஆட்சி 1729–1758) அந்த எட்டு வீட்டாரின் அதிகாரத்தை ஒழித்ததெல்லாம் வேறு கதை. இன்றைய கழக்கூட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது 1990இல் தொடங்கப்பட்டு, 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்மராவ் நாட்டுக்கு அர்ப்பணித்த டெக்னோபார்க். அதை ஒட்டியே கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்ப்பார்கள். சிறிது தூரத்தில் மரங்களுக்குள் மறைந்திருக்கும் மொழியியல் துறையை யாரும் பார்ப்பதில்லை.

அந்தத் துறையை உருவாக்கியவர் வ.அய். சுப்பிரமணியம் (1926–2009). நாகர்கோவில் வடசேரிக்காரர். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது என்பதால் அவருக்குத் திருவனந்தபுரம் அயலூர் இல்லை. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1962இல் கேரளப் பல்கலைக்கழகம் அவருடைய புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டது. 1971இல் திராவிட மொழியியற் கழகம், பிறகு கடற்கரைப் பக்கம் மேனங்குளத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் பதவி என்று அவர் செய்த பெரிய காரியங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்த 1962ஆம் வருஷத்துப் புத்தகத்தைப் பற்றி.

சொல்லடைவு என்பது என்ன? ஒரு நூலில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அது எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று அகர வரிசையில் கொடுப்பது. கேட்பதற்குச் சுலபம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதைச் செய்ய ஒரே வழி அட்டை. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. சொல் மறுபடி வந்தால் மறுபடி ஓர் அட்டை. எல்லாவற்றையும் அடுக்கி, ஒத்தவற்றைச் சேர்த்து, பிரதி எழுதுவது. உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சிட்டுத் தந்த பிறகு, அந்த நூலின் ஒவ்வொரு சொல்லையும் இப்படி எண்ணிப் பார்க்க அறுபது எழுபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1966இல் ந. சுப்பிரமணியனின் பல்லவர்க்கு முந்திய தமிழ்ச் சொல்லடைவு சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சங்க இலக்கியத்துக்கு மூன்று தொகுதிச் சொல்லடைவு வெளியிட்டது. ஜெர்மானியர்களான தாமஸ் லேமனும் தாமஸ் மால்ட்டனும் செய்த சங்க இலக்கியச் சொல்லடைவு 1993இல் சென்னையில் வெளிவந்தது. இப்படிப் பார்த்தால் நம் ஊர்ப் புத்தகம் அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது.

மேல்நாட்டில் இதே காரியத்தைச் செய்தவர் ரோபர்ட்டோ புசா என்ற இத்தாலிய ஏசு சபைத் துறவி. தம் ஆராய்ச்சிக்காகக் கையால் பத்தாயிரம் அட்டை எழுதி அலுத்துப்போனவர், 1949இல் நியூயார்க் போய் ஐ.பி.எம். தலைவர் வாட்சனைப் பார்த்து இயந்திர உதவி கேட்டார். தாமஸ் அக்குவினாஸ் நூல்களுக்கான அவருடைய சொல்லடைவு 56 தொகுதியாக 1974 முதல் 1980 வரை அச்சாயிற்று. நம்மவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

இனி என் கதை. எங்கள் பூர்விகம் திண்டிவனம் பக்கம். தொழில் காரணமாக இங்கே வந்த புதிதில் பழைய புத்தகக் கடையொன்றில் அந்தப் புறநானூற்றுச் சொல்லடைவு கிடைத்தது. ஜவுளிக்காரன் என்பதால் முதலில் தேடியது துணியின் பெயர்களை: கலிங்கம், அறுவை, துகில் என்று. அதிலிருந்து ஆரம்பித்த பழக்கம், கடை மூடிய பிறகு தினம் பத்து அட்டை, இருபது அட்டை என்று எழுதுவது. சங்க நூல்களில் ஆடையும் வணிகமும் பற்றி வரும் சொற்களை எல்லாம் சேர்த்தேன். சட்டைப் பெட்டிகள் எனக்கு இலவசம், அட்டைகள் அதற்குள். திருவனந்தபுரத்து மழை ஈரமும் கரையானும் வருஷம் ஒரு பெட்டியையாவது பழுதாக்கும். 2004 வாக்கில் என் தங்கை மகன் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் சேர்ந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். பெட்டிகளைப் பார்த்து, "மாமா, இதெல்லாம் பெர்ல்ல பத்து வரி" என்றான். முப்பது வரி ஆயிற்று, மூன்று வருஷமும் ஆயிற்று. அது போகட்டும்.

பெர்ல் மொழியை 1987 டிசம்பர் 18 அன்று உலகுக்கு வெளியிட்டவர் லாரி வால். அவரைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம், அவர் மொழியியல் படித்தவர். எழுத்தில்லாத மொழிகளைப் போய் ஆராய வேண்டும் என்று மனைவியோடு சேர்ந்து ஒரு காலத்தில் திட்டமிட்டவர். உடல்நிலை இடம் கொடுக்காமல் கணினி வேலையிலேயே இருந்துவிட்டார். சிதறிக் கிடந்த கோப்புகளிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுத்து அறிக்கை தயாரிக்க வேண்டியிருந்தது. கையில் இருந்த ஆக் என்ற கருவி போதவில்லை. அதனால் தாமே ஒரு மொழி செய்தார். முத்து என்ற பொருளில் பெயர் வைக்க நினைத்தாராம். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கணினி மொழி இருந்ததால் ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டார். கொற்கை முத்துக்காரர்களான நமக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றக் கூடாது.

மொழியியல் படித்தவர் செய்தது என்பதால் அதில் ஒருமை பன்மை உண்டு. ஒன்றைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் டாலர் குறி. வரிசையான பலவற்றுக்கு அட் குறி. பெயர் சொன்னால் பொருள் தரும் தொகுப்புக்குச் சதவீதக் குறி. தொடக்கத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி: "அட் குறி போட்ட வரிசையிலிருந்து மூன்றாவதை எடுக்கும்போது குறி ஏன் டாலராக மாறுகிறது?" எடுப்பது ஒன்று, ஆகவே ஒருமைக் குறி. அவ்வளவுதான். 'மூட்டைகள்' என்று சரக்கைச் சொல்பவன் அதில் ஒன்றைக் காட்டும்போது 'இந்த மூட்டை' என்கிறானே, அதுபோல. இன்னொரு கேள்வி: "வரிசையை அச்சிடச் சொன்னால் சில சமயம் உள்ளே இருப்பது வருகிறது, சில சமயம் வெறும் எண் வருகிறதே?" அதுவும் கேட்கிற இடத்தைப் பொறுத்தது. என்னென்ன வந்திருக்கிறது என்று கேட்டால் சரக்கைச் சொல்வோம். எத்தனை என்று கேட்டால் எண்ணிக்கையைச் சொல்வோம். ஒருமை எதிர்பார்க்கும் இடத்தில் வரிசையை வைத்தால் பெர்ல் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது.

இந்த மூன்று வகையையும் நான் புரிந்துகொண்டது கடைக் கணக்கை வைத்துத்தான். ஒரு தொகை, அது டாலர் குறி. நாள்வழி, அது அட் குறி: நடந்த வரிசையில் நடந்ததை எழுதுவது, முன்பின் மாறாது. பேரேடு, அது சதவீதக் குறி: பெயரைச் சொன்னால் அவர் பக்கம் திறக்கும். இந்த மூன்றாவதற்கு ஹாஷ் என்று பெயர். பைத்தான் மொழியில் இதையே டிக்ஷனரி என்கிறார்கள், அதாவது அகராதி. இந்தப் பெயரைக் கேட்டதும்தான் எனக்கு நிகண்டு நினைவுக்கு வந்தது.

முதல் பிழையைச் சொல்கிறேன். மதுரைத் திட்டம் தெரிந்திருக்கும். சுவிட்சர்லாந்தில் இருக்கும் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் 1998 பொங்கலன்று தொடங்கிய மின்னூல் முயற்சி. அதிலிருந்து புறநானூற்றை இறக்கிக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லையும் ஹாஷின் திறவுகோலாக வைத்து, பாட்டெண்ணை அதன் மதிப்பாகக் கொடுத்தேன். நிரல் இரண்டு விநாடியில் ஓடி முடிந்தது. ஆகா என்று பார்த்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு பாட்டெண்தான் இருந்தது. புறநானூற்றில் பல இடங்களில் வருகிற கலிங்கத்துக்கும் ஒரே எண். அட்டையில் வரிசையாக இருக்கிறது, திரையில் கடைசியாக வந்தது மட்டும் நிற்கிறது. பேரேட்டில் ஒருவர் பக்கத்தில் புது வரவு எழுதும்போதெல்லாம் பழையதை அழித்துவிட்டு எழுதினால் என்ன ஆகும்? அதைத்தான் நான் செய்திருந்தேன். ஒரு திறவுகோலுக்கு ஒரு மதிப்பு என்பது ஹாஷின் விதி. பல இடம் வேண்டுமென்றால் மதிப்பாக ஒரு வரிசையையே வைக்க வேண்டும். புதிய பாட்டெண்ணை அதன் கடைசியில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

இதை மண்டலபுருடர் அறிந்திருந்தார். சூடாமணி நிகண்டு செய்தவர், எங்கள் சமணர். கிருஷ்ணராயன் என்ற பெயரை அவர் சொல்வதை வைத்து 16ஆம் நூற்றாண்டு என்பர் பலர். சேந்தன் திவாகரத்தைப் போலவே இதுவும் 12 தொகுதி. முதல் பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருவன. பதினோராம் தொகுதி தலைகீழ்: ஒரு சொல்லை வைத்து அதன் பல பொருள்களையும் தருவது. ஒரு திறவுகோல், அதற்கு ஒரு வரிசை. நான் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று வாரம் முழித்துக் கண்டுபிடித்ததைத் திண்ணைப் பள்ளிப் பையன்கள் மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பதினோராம் தொகுதியில் இன்னொரு விசேஷம். சொற்கள் முதலெழுத்து வரிசையில் இல்லை. எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு ககர எதுகை, ஙகர எதுகை என்று அடுக்கியிருக்கும். செய்யுளை மனப்பாடம் செய்கிறவனுக்கு எதுகைதான் கைப்பிடி. சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த அறையில் இருக்கும் என்று இரண்டாம் எழுத்து சொல்லிவிடும். அந்த அறையில் மட்டும் தேடினால் போதும். ஹாஷ் உள்ளுக்குள் செய்வதும் இதே வேலைதான். சொல்லின் எழுத்துகளைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டு, வருகிற எண்ணுக்குரிய அறையில் சொல்லை வைக்கிறது. தேடும்போது அதே கணக்கைப் போட்டு நேரே அந்த அறைக்குப் போகிறது. ஒரே அறையில் இரண்டு மூன்று சொல் விழுந்தால் வரிசையாகப் பார்த்துக்கொள்கிறது. மண்டலபுருடர் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாதிரிப் பேச்சு நம் மேடைகளில் ஏற்கெனவே அதிகம். தேவை ஒன்றாக இருக்கும்போது வழியும் ஒன்று போல அமைகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

கணினியில் இந்த அறை முறையை முதலில் எழுதி வைத்தவர் ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன், 1953 ஜனவரியில். இவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஜெர்மனியில் பிறந்த இவர் ஜவுளித் தொழிலில் இருந்தவர். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற லூனோமீட்டர் என்ற கருவியைச் செய்தவர். இன்று நம் வங்கி அட்டை எண்ணில் கடைசி இலக்கத்தை வைத்துப் பிழை சரிபார்க்கிறார்களே, அந்தக் கணக்கும் இவருடையது. அதோடு 1950களின் கடைசியில், ஒரு சொல்லை நடுவில் வைத்து முன்னும் பின்னும் அது வரும் வாக்கியத்தோடு காட்டுகிற சொல்லடைவு முறையையும் கணினிக்குக் கொண்டுவந்தார். ஹாஷும் சொல்லடைவும் ஒரு ஜவுளிக்காரர் கையில்!

நிகண்டிலிருந்து அகராதிக்கு வந்ததும் ஒரு தாவல்தான். சிதம்பரம் ரேவண சித்தர் 1594இல் அகராதி நிகண்டு செய்தார். சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் வைத்தது அதில்தான். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்தார். பெயரகராதி சொல்லிலிருந்து பொருளுக்குப் போவது. பொருளகராதி பொருளிலிருந்து சொற்களுக்கு வருவது. "ஹாஷைத் திருப்பிப் போட முடியுமா?" என்று கேட்ட ஒரு தம்பிக்கு இதைத்தான் உதாரணம் காட்டினேன். பெர்லில் ஒரே கட்டளையில் திருப்பலாம். ஆனால் இரண்டு சொல்லுக்கு ஒரே பொருள் இருந்தால் திருப்பும்போது ஒன்று காணாமல் போகும். என் கலிங்கத்துக்கு நேர்ந்த அதே கதி. வீரமாமுனிவர் போல இரண்டாவதைத் தனியாகக் கட்டுவதே சரி.

வரிசையை ஹாஷுக்குள் வைப்பதற்கு முகவரி முறை வேண்டும், ரெஃபரன்ஸ் என்கிறார்கள். 1994 அக்டோபரில் வந்த பெர்ல் 5தான் இதைக் கொடுத்தது. அதற்கு முன்னால் வரிசைக்குள் வரிசையை நேராக வைக்க முடியாது. இன்றும் முகவரி போடாமல் இரண்டு வரிசையை ஒன்றுக்குள் வைத்தால் இரண்டு சாக்கையும் ஒரே இடத்தில் கொட்டியது போல் எல்லாம் கலந்து ஒரே வரிசையாகிவிடும். முகவரி என்பது நாள்வழியில் ஓரத்தில் குறிக்கிறோமே பேரேட்டுப் பக்க எண், அதுதான். பக்க எண்ணை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் இரண்டு பேரேடு ஆகிவிடாது. எந்த இடத்திலிருந்து போய்த் திருத்தினாலும் திருந்துவது ஒரே பக்கம். "பிரதி எடுத்து வச்சேன் மாமா, ரெண்டுமே மாறிடுச்சு" என்று தங்கை மகனே ஒரு நாள் தலையைச் சொறிந்தான். அவன் எடுத்தது பக்கத்தின் பிரதி இல்லை, பக்க எண்ணின் பிரதி.

இரண்டாவது பிழை கொஞ்சம் அவமானமானது. பாட்டுகளை ஒரு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, அதன் இட எண்ணையே பாட்டெண்ணாகக் கொண்டேன். பெர்லில் வரிசை சுழியிலிருந்து எண்ணப்படும். அதற்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்தேன். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு, ஒரே மகனைப் போருக்கு அனுப்புகிற தாயைப் பற்றியது, 279 என்று பாடப்புத்தகத்திலேயே படித்திருப்போம். என் நிரல் 277 என்றது. வ.அய்.சு. புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டேன். 266 வரை சரி, அதற்குப் பிறகு எல்லாமே இரண்டு குறைவு. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்தவை 398. கரையான் தின்ற ஏட்டின் இடத்தை உ.வே.சா. காலியாக விட்டு வைத்தார். என் வரிசைக்கு அந்தக் காலியிடம் தெரியவில்லை, நெருக்கி உட்கார்ந்துவிட்டது. பாட்டெண் என்பது வரிசையில் எத்தனையாவது என்பதன்று, அது அந்தப் பாட்டின் பெயர். ஆகவே பாட்டுகளையும் ஹாஷில் வைத்து, எண்ணையே திறவுகோலாக்கினேன். நற்றிணையில் 234, ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை என்பதால் அங்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.

ஹாஷிலிருந்து எடுத்தால் வரிசை ஒழுங்காக வராது. இதுவும் புதியவர்கள் கேட்பது. நேற்று ஓட்டியபோது ஒரு வரிசை, இன்று வேறு. 2013இல் வந்த 5.18 பதிப்பிலிருந்து வேண்டுமென்றே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றுகிறார்கள். எந்தச் சொல் எந்த அறைக்குப் போகும் என்று வெளியாருக்குத் தெரிந்தால், எல்லாவற்றையும் ஒரே அறையில் விழும்படி அனுப்பிக் கணினியைத் திணறடிக்கலாம் என்று 2003இல் இரு ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆகவே வரிசை வேண்டுமென்றால் நாம்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

அதில்தான் தமிழனுக்கு அடுத்த தலைவலி. யூனிகோட் 1991இல் வந்தபோது தமிழுக்கு இந்திய அரசின் இஸ்கி முறையின் வரிசையையே எடுத்துக்கொண்டது. அதில் நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், ளகரத்துக்குப் பிறகு ழகரம். பெர்லின் சாதாரண வரிசைக் கட்டளை அந்த எண்களைப் பார்த்தே அடுக்கும். மரம், மலை, மறம் என்று வர வேண்டியது மரம், மறம், மலை என்று வரும். பழத்துக்கு முன்னால் பள்ளம் வரும். புள்ளி கடைசியில் இருப்பதால் அகம் முதலிலும் அக்கம் பின்னாலும் வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை (1924–1936) வைத்துக்கொண்டு வளர்ந்தவனுக்கு இதைப் பார்க்கப் பொறுக்காது. அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை பிற்காலத்தில் இதே திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவர் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்! நான் தமிழ் நெடுங்கணக்கை ஒரு ஹாஷில் வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் சரியான இட எண்ணைக் கொடுத்து, அதைக் கொண்டு ஒப்பிடச் செய்தேன். இப்போது பெர்லோடு கூடவே வருகிற யூனிகோட் கொலேட் லொகேல் என்ற தொகுப்பில் தமிழ் வரிசை இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தை எண்ணுவதும் ஒரு புதிர்தான். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும், மூன்று என்று. பெர்லிடம் சும்மா கேட்டால் 15 என்னும். அது பைட் கணக்கு. கோப்பு யுடிஎஃப்-8 முறையில் உள்ளது என்று சொல்லிவிட்டுக் கேட்டால் 5 என்னும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. மூன்று என்று சொல்ல வைக்கத் தனிக் குறியீடு உண்டு. 2002இல் வந்த 5.8 பதிப்புக்கு முன் இதெல்லாம் பெரும் அவஸ்தை. அப்போதைய டிஸ்கி எழுத்துருக் கோப்புகளில் 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம் என்று கண்ணுக்குத் தெரிகிறபடியே பதிந்திருக்கும். அதை எப்படி அகர வரிசைப்படுத்துவது?

மூன்றாவது பிழையை எழுத இன்னும் கை கூசுகிறது. என் அட்டைகளில் புறநானூற்றுப் பகுதியை நானே தட்டச்சு செய்து ஒரு கோப்பாக வைத்திருந்தேன். ஓணம் சீசன் முடிந்து மூன்று மாதத்து இரவு வேலை. அதை வரிசைப்படுத்தி அதே கோப்பில் எழுதச் சொன்னேன். எழுதுவதற்காகத் திறக்கும் குறியைப் போட்டுத் திறந்தால், திறந்த அந்தக் கணமே பெர்ல் பழையதை அழித்துவிடுகிறது. படிப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. நிரல் ஒரு புகாரும் சொல்லாமல் முடிந்தது. கோப்பின் அளவு சுழி. அன்றிரவு கடைக் கணக்கும் பார்க்கவில்லை, சாப்பிடவும் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் வீட்டில், "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, இந்தப் பெட்டிகளை எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டிருந்தார்கள். போடாமல் இருந்தது சோம்பலால்தான். மறுநாள் முதல் அட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாவது முறை தட்டச்சு செய்யும்போது முதல் முறை விட்ட பிழைகள் சில அகப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் நிரல் சரியாக ஓடி வந்ததையும் வ.அய்.சு. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எது உயர்ந்தது என்று தெரிந்தது. என் நிரலுக்குச் சொல் என்றால் இரண்டு இடைவெளிக்கு நடுவில் இருப்பது. சங்கப் பாட்டிலோ அது பெரும்பாலும் சீர்; சொல் இல்லை. கலிங்கம் வேறு, கலிங்கமொடு வேறு, கலிங்கத்து வேறு என்று மூன்று இடத்தில் வைக்கிறது. புணர்ச்சியில் மறைந்த சொல்லை அது காணவே காணாது. அட்டை எழுதியவர்கள் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, இது இன்ன சொல், இன்ன உருபு என்று தீர்மானித்த பிறகே எழுதினார்கள். அந்தத் தீர்மானத்தை இலக்கணம் தெரிந்த ஒருவர் நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். டெக்னோபார்க்குக்கும் காரியவட்டத்துக்கும் நடுவில் ஒரு சாலைதான். அந்தப் பக்கத்துப் புத்தகத்தை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போதைய பிள்ளைகள் பைத்தான்தான் எழுதுகிறார்கள். மனித மரபணுத் திட்டத்தைப் பெர்ல் காப்பாற்றிய கதையை லிங்கன் ஸ்டைன் என்ற விஞ்ஞானி 1996இல் கட்டுரையாகவே எழுதினார். இன்று அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். 2000இல் அறிவித்த பெர்ல் 6, 2019இல் ராக்கு என்று பெயர் மாறித் தனி மொழியாகிவிட்டது. பழைய பெர்ல் 5க்குப் புதுப் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. என் முப்பது வரி இன்றும் ஒரு திருத்தமில்லாமல் ஓடுகிறது.

புறநானூறு முடிந்துவிட்டது. அகநானூற்று அட்டைகள் நாலு சட்டைப் பெட்டி நிறைய, நாப்தலீன் உருண்டை போட்டுக் கழக்கூட்டத்து வீட்டு மாடியில் இருக்கின்றன. தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். ஞாயிறு வகுப்பு முடிந்து வருகிறவர்களுக்கு வீட்டில் காப்பி உண்டு.